தாயம்மாவின் மூன்று மணி வெயில்

எங்கள் கல்மேட்டுக்குப்பத்தில் தாயம்மா அத்தை பேப்பர் படிக்கிற விதமே தனி. திருவொற்றியூர் பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் வாங்கி வருவாள். கருவாடு மடிக்கும் முன் ஒவ்வொரு தாளையும் முன்னும் பின்னும் படித்துவிடுவாள். யார் செத்தது, யாருக்குப் பெண் வேண்டும், எங்கே மாடு கிணற்றில் விழுந்தது, எல்லாம் தெரியும். இருபது நாள் தாமதமாகத் தெரியும், அவ்வளவுதான். நேற்று நடந்த மேட்சைப் பற்றிக் கேட்டால், "அது இன்னும் கடைக்கு வர்லடி மதி" என்பாள்.

காலையில் காசிமேட்டுக்குப் போய் விசைப்படகில் வந்த நெத்திலியை எடுப்பாள். கூடைக்கு இடம் கேட்டு பஸ் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டே திரும்புவாள். பழைய வலைகளைக் கடற்கரை மணலில் விரித்து மீனைக் காயப்போடுவாள். மணலுக்கு மேற்கே யாரோ ஒருவருடைய மனை, அதன் ஓரத்தில் ஒற்றைப் பனை. மூன்று மணிக்கு அதன் நிழல் வலைமேல் ஏறும். உடனே அத்தை, "நிழலு வந்துச்சு, தூக்கு!" என்று கத்துவாள். பெண்கள் நாலு முனையையும் பிடித்து, மீனோடு வலையை வெயிலுக்கு நகர்த்துவார்கள். அந்த வெயில் தவறினால் மீன் ஈரத்தோடு நின்றுபோகும், புழு வைத்துவிடும்.

சில நாள் நான் அவள் குரலிலேயே இரண்டரை மணிக்கே அப்படிக் கத்திவிட்டு ஓடுவேன். தூங்குகிற பெண்கள் எல்லோரும் எழுந்து முனையைப் பிடிப்பார்கள். அப்புறம் என்னைப் பிடிப்பார்கள்.

2007 ஆகஸ்டில் ஒருநாள் அத்தை ஒரு தாளைப் படித்தவள் மடிக்காமல் நின்றாள். அரசு அறிவிப்பு. அந்தப் பனை நிற்கிற மனையைக் குடியிருப்பு வகையிலிருந்து தொழில் வகைக்கு மாற்றப்போகிறார்கள். கம்ப்யூட்டர் மையம், நாலு மாடி. 'ஆட்சேபம் உள்ளவர்கள் இருபத்தொரு நாட்களுக்குள்' என்பதோடு தாள் முடிந்தது. மீதிப் பாதியைக் கிழித்து, சற்றுமுன்தான் ஜன்னத் அக்காவுக்கு நூறு கிராம் மடித்துக் கொடுத்திருந்தாள். மேலே தேதியைப் பார்த்தேன். பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

அத்தை ஓடினாள். அவ்வளவு வேகம் அவளிடம் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

"ஜன்னத்து! கருவாட்ட நீயே வெச்சுக்க, பேப்பரக் குடு!"

"இன்னா தாயம்மா, கருவாடு கெட்டுப்பூட்ச்சா?"

"அது ஷோக்கா கீது. எம் பொழப்புதான் கெடப் போவுது."

ஜன்னத் அக்கா வீட்டுப் பூனை அந்தத் தாளை நக்கிக்கொண்டிருந்தது. அலுவலக முகவரி தப்பியது. ஆட்சேப மனுவை நான்தான் எழுதினேன்; எட்டாவதுவரை படித்ததற்கு அதுதான் முதல் உபயோகம். தொழில் என்ற இடத்தில் சும்மா இருக்க முடியாமல் 'வெயில் காவல்' என்று எழுதிவைத்தேன். அத்தை பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாள். மறுநாளே பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

பத்து நாள் கழித்துக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். பஸ்ஸில் அத்தை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். கண்டக்டரோடு சண்டைகூடப் போடவில்லை. கிண்டல் செய்ய நிறைய இருந்தது. செய்யவில்லை.

மேடையில் அதிகாரி நீலமேகம். பக்கத்தில் டை கட்டிய ரஞ்சித், கட்டடம் கட்டப்போகிற கம்பெனிக்காரர். நீலமேகம் மனுவைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

"தாயம்மா யாரு? தொழில்... வெயில் காவலா?"

கூட்டம் சிரித்தது. அத்தை என்னை முறைத்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஆமா சார்," என்று எழுந்தாள். "சரியாத்தான் எழுதிக்கீறா."

பஸ்ஸில் இருந்த பயம் போன இடம் தெரியவில்லை. ரஞ்சித்திடம் திரும்பினாள்.

"ஏன் நைனா, உன் கம்ப்யூட்டருக்கு இன்னா வோணும்?"

"குளிர்ச்சிம்மா. நாள் முழுக்க ஏசி ஓடணும்."

"வெயிலு?"

"ஆகவே ஆகாது."

"அப்ப உனக்கு ஆவாதத எனக்கு உட்டுடேன். எனக்கு அது ஒண்ணுதான் வோணும்."

ரஞ்சித்தே சிரித்துவிட்டார். "உங்க மணலை நாங்க தொடலம்மா. அதுவும் நாங்க எடுத்த போட்டோல அது காலியாதான் இருக்கு."

"எப்போ எடுத்த?"

"மே மாசம்."

"அது மீன்பிடித் தடைக்காலம்! படகே கடலுக்குப் போவாது. மீனு எங்கேந்து வரும்? தீபாவளியன்னிக்கு வந்து உங்க ஆபீஸப் படம் புடிச்சா, அதுவும் காலியாத்தான் கெடக்கும்."

இந்த முறை நீலமேகமும் சிரித்தார். அத்தை விடவில்லை.

"கட்டடம் எம்மா ஒசரம்?"

"அம்பதடி."

"எங்க பனையும் அம்மாந்தான். ஒத்தப் பனைக்கே நாங்க வலைய இஸ்துகினு ஓடறோம். நீ அம்பது பனைய ஒட்டிவெச்ச மாதிரி ஒரு செவுரு கட்டுனா, நாங்க கடலுக்குள்ளயா விரிக்கிறது? மூணு மணிக்கு வந்து பாருங்க சார்."

நீலமேகம் நிஜமாகவே வந்தார், வெள்ளிக்கிழமை, நில அளவை டேப்போடு. ரஞ்சித்தும் வந்தார். மூன்றுக்குப் பனை நிழல் வலையைத் தொட்டது. "நிழலு வந்துச்சு, தூக்கு!" என்று அத்தை கத்தினாள். அன்று வேலைக்கு ஒரு ஆள் குறைச்சல். அத்தை பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, "இன்னா சார் வேடிக்க, அந்த மொனையப் புடிங்க" என்றாள். நீலமேகம் டேப்பைப் பையில் போட்டுவிட்டு முனையைப் பிடித்தார். அடுத்தமுறை ரஞ்சித் பிடித்தார். அவர் டை நெத்திலியில் புரண்டது. நாலரைக்குள் நாலு தடவை தூக்கினார்கள். கடைசித் தடவை அத்தைக்கு முன்னால் நீலமேகமே கத்திவிட்டார். நான்கூட இப்படி ஒரு குறும்பை யோசித்ததில்லை.

போகும்போது இருவரும் ஆளுக்கு அரைக் கிலோ வாங்கினார்கள். அத்தை விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை.

அக்டோபரில், மழைக்கு முன்னால் கடைசி நெத்திலி காய்ந்துகொண்டிருந்தபோது தபால் வந்தது. கட்டடம் கட்டலாம், ஆனால் பனையிலிருந்து நூற்றைம்பது அடி மேற்கே, ரோட்டுப் பக்கமாகத் தள்ளி, இரண்டே மாடி. நடுவில் உள்ள இடத்தில் எதுவும் எழும்பக் கூடாது. இனிமேல் அறிவிப்பைப் பேப்பரோடு நிறுத்தாமல் குப்பத்திலும் ஒட்டவேண்டும்.

உறையின்மேல் தட்டச்சில் இருந்தது: 'திருமதி தாயம்மா, வெயில் காவல், கல்மேட்டுக்குப்பம்.'

அத்தை அந்தத் தாளை முன்னும் பின்னும் மூன்றுமுறை படித்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அன்றைக்கு வந்த சேதியை அன்றைக்கே படிக்கிறாள். பெண்கள் சுற்றி நின்று என்னை இன்னொருமுறை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். நான் தொண்டையைச் செருமி, உறைமேல் இருந்த 'வெயில் காவல்' பட்டத்தை மட்டும் மூன்றுதரம் படித்தேன்.

"போதும்டி, கொழுப்பு," என்று அத்தை தாளைப் பிடுங்கி ஜாக்கெட்டுக்குள் செருகினாள். கண்ணைத் துடைத்த முந்தானையாலேயே என் தலையில் ஒரு அடி. "நிழலு வந்துச்சு. தூக்கு!"