பச்சை வால் விமானமும் இரண்டு ரக்அத்தும்

2024 பெப்ரவரி 8, வியாழக்கிழமை, மாலை நான்கு நாற்பது. கடற்பக்கத்திலிருந்து தூறல். வயல் வட்டையில் எங்கள் இரண்டு ஏக்கர் நெல் வெள்ளாமை முற்றி நிற்கிறது. அறுவடை மெஷினை இறக்க விடாமல் மூன்றாம் நாளாக மழை. அஸர் தொழுதுவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். மகன் அஸ்மி கைபேசியை நீட்டி, "வாப்பா, வேலை வந்திரிக்கி" என்றான்.

சகோதரர்களே, அல்லாஹ் எனக்குச் செய்ததை நான் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றே இதை எழுதுகிறேன். வயது எழுபத்து மூன்று. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் குளத்து நீர்மட்டம் பதிந்தவன். எதையும் எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. சாய்ந்தமருதில் என் வீட்டு வாசலிலிருந்து பள்ளிவாசலுக்கு நானூற்றுப் பன்னிரண்டு காலடி.

அஸ்மி விமானி. அவன் பறந்துகொண்டிருந்த சிறிய வெளிநாட்டு நிறுவனம் மூடப்பட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. விமானிக்கு உரிமம் மட்டும் போதாது. ஒவ்வொரு வகை விமானத்தையும் ஓட்டும் தகுதியைக் குறித்த காலத்துக்குள் சோதனை கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். அவனுடைய தகுதி ஏப்ரல் 30 வரைதான். அன்றைக்கு எண்பத்திரண்டு நாள் மிச்சம். அது கடந்தால் மறுபடி பயிற்சி. அதற்கு வயலை விற்க வேண்டும். அதற்குப் பிறகும் வேலை நிச்சயமில்லை.

வந்த வேலை பெரிய நிறுவனத்தில். சம்பளமும் பெரிது. ஏழு நாளில் பதில் கேட்டார்கள். ஒரேயொரு சங்கடம் இருந்தது. அங்கே விமானிகள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள்.

எனக்கு அது சங்கடமாகவே படவில்லை. இருந்தாலும் முறைப்படி நடக்க வேண்டும் என்று இஸ்திகாராத் தொழத் தொடங்கினேன். ஒரு காரியம் நல்லதா கெட்டதா என்று தெரியாதபோது இரண்டு ரக்அத் தொழுது முடிவை அல்லாஹ்விடம் விடுவதுதான் இஸ்திகாரா. ஐந்து நாளில் ஐந்து தடவை தொழுதேன். எங்கள் பக்கத்தில் பலரும் நினைப்பதைப் போல நானும் கனவுக்காகக் காத்திருந்தேன். வெள்ளையோ பச்சையோ கண்டால் நல்லது, கறுப்போ சிவப்போ கண்டால் விலக வேண்டும் என்பது கணக்கு. ஐந்தாம் நாள் கண்டேன். கண் கொள்ளாத பச்சை.

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு தேநீர் குடிக்கும்போது அறிவித்தேன். மனைவி சுலைஹா கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தக் கொம்பனிப் பிளேன்ட வால் என்ன நிறம்?"

பச்சை.

"அஞ்சு நாளா அந்தப் படத்தையே பாத்துப்போட்டுப் படுத்தா வேற என்ன நிறம் தெரியும்? இது அல்லாஹ் காட்டினதில்ல, கைபோன் காட்டினது."

அஸ்மி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து போனான். எனக்குக் கோபம். மௌலவியிடம் போய் முறையிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கனவு வந்தே ஆக வேண்டும் என்று மார்க்கத்தில் எங்கும் இல்லை என்றார். தொழுதுவிட்டுக் காரியத்தில் இறங்க வேண்டும், நல்லதானால் வழி இலேசாகும், கெட்டதானால் அது நம்மை விட்டும் நாம் அதை விட்டும் திருப்பப்படுவோம் என்றார். கடைசியாக, "ஹாஜியார், பிளேன் ஓட்டப் போறது நீங்களா, மகனா?" என்று கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. தொழ வேண்டியவன் அவன். நான் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு அல்லாஹ்விடம் கையொப்பம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று, 13ஆம் திகதி, முற்பகல் ழுஹா நேரம் அஸ்மி தொழுதான். பிறகு இரண்டு காரியம் செய்தான். அவனோடு பயிற்சி பெற்ற நுவன் அந்த நிறுவனத்தில் பறந்து, இப்போது வேலைநிறுத்தத்தில் நிற்கிறவன். அவனை அழைத்துக் கதைத்தான். சண்டை சம்பளத்துக்காக மட்டுமல்ல, இரண்டு பறப்புகளுக்கு இடையிலான ஓய்வைக் குறைத்துவிட்டார்கள் என்று நுவன் சொன்னான். அஸ்மி நிறுவனத்துக்கும் ஒரு கேள்வி எழுதினான்: என்னை எடுப்பது யாருடைய இடத்துக்கு? மறுநாள் பதில் வந்தது, யாருடைய இடம் என்பது மட்டும் அதில் இல்லை. உடனே வர வேண்டும், விமானிகள் சங்கத்தில் சேரக் கூடாது, குறைத்த ஓய்வுக்கு ஒப்புக்கொண்டு கையொப்பம் வைக்க வேண்டும்.

15ஆம் திகதி காலை மழை விட்டிருந்தது. அஸ்மி என் முன்னால் வந்து நின்று, மனம் திரும்பிவிட்டது, போகவில்லை என்றான். நான் மிச்சமுள்ள நாட்களை எண்ணிக் காட்டினேன். எழுபத்தைந்து. அல்லாஹ் தரும் பிழைப்பை, ரிஸ்க்கை, வீட்டு வாசலில் இருந்து விரட்டுகிறாய் என்றேன். அவன் குரலை உயர்த்தவில்லை.

"வாப்பா, நீங்களும் ஒருக்கா பத்தொன்பது நாள் வேலைக்குப் போகாம நிண்டீங்கதானே. அப்ப உங்கட கதிரைல வந்து இருந்தவருக்கு இன்டைக்கும் நீங்க சலாம் சொல்றல்ல."

அந்தச் சலாமை நிறுத்தி இருபத்தெட்டு வருடம். எண்ணுகிறவன் நான்தான். அவன் மறுப்பை அனுப்பினான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? வெள்ளாமை வெட்டினோம். அஸ்மி நெல் மூடை ஏற்றினான். கப்டனுக்கு லொறி எப்போது கிடைத்தது என்று தெருவில் கேட்டார்கள். நான் நாட்காட்டியில் தினமும் ஒரு கோடு போட்டேன். கையை ஏந்துவேன், துஆ வராது, முறைப்பாடுதான் வரும். என் பிள்ளை சரியானதைச் செய்தான், அதற்கா இந்தத் தண்டனை என்பேன். நோன்பு வந்தது. இரவுத் தராவீஹ் தொழுகையில் நின்றபடி நாட்களைக் கழித்துக்கொண்டிருந்தேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

ஏப்ரல் 4, வியாழக்கிழமை, இருபத்து நான்காம் நோன்பு. நோன்பு துறக்கப் பதினொரு நிமிடம் இருந்தது. பள்ளிவாசலில் வாங்கிய கஞ்சியைச் சுலைஹா கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அஸ்மியின் கைபேசி அடித்தது. நுவன்.

வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது. பழைய ஓய்வு நேரத்தைத் திரும்பக் கொடுக்க நிறுவனம் உடன்பட்டது. அந்த ஓய்வைக் கொடுப்பதென்றால் விமானிகள் போதாது. ஆளெடுக்கச் சொன்னதும் சங்கத்திலிருந்தே ஒரு பெயரைக் கொடுத்திருக்கிறார்கள், எங்கள் இடத்துக்கு வர மறுத்தவன் என்று. அந்தப் பெயர் என் மகனுடையது.

பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம் கையிலேயே இருந்தது. "வாப்பா, நோன்பத் துறங்க" என்று அஸ்மி சொன்ன பிறகுதான் வாயில் வைத்தேன். அந்தப் பழத்தின் இனிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

அல்ஹம்துலில்லாஹ். பெருநாள் கழித்து அழைத்தார்கள். ஏப்ரல் 22இல் சோதனை கொடுத்துத் தேறினான். தகுதி முடிய எட்டு நாள் இருந்தது. பழைய கடிதத்தில் இருந்ததைவிடக் கூடுதல் சம்பளம், முழு ஓய்வு, சங்கத்தில் இடம். அதே பச்சை வால் விமானத்தைத்தான் ஓட்டுகிறான். சுலைஹா இன்றைக்கும் என் கனவைப் பற்றிக் கேட்டுச் சிரிப்பாள். நிறம் சரி, நேரம்தான் பிழை என்பேன்.

அந்த நாட்களில் கையொப்பம் வைத்துப் போன ஐந்து பேரின் ஒப்பந்தம் இரத்தாகிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். சந்தோசப்படவில்லை. அவர்களும் பிள்ளை குட்டிக்காரர்கள். அவர்களுக்காக துஆச் செய்யும்போதுதான் அன்று என் வேலைக்கு வந்து என் கதிரையில் இருந்தவர், எங்கள் பள்ளியில் இரண்டாம் வரிசையில் தொழுகிற அந்த மனிதர், நினைவுக்கு வந்தார். அடுத்த ஜும்ஆவில் போய்க் கை கொடுத்து சலாம் சொன்னேன். அவர் கையை விடவே இல்லை. "இருபத்தெட்டு வருசம் பிடிச்சிரிக்கி ஹாஜியார்" என்றார். அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

நாட்காட்டியில் கோடு போடுவதை விட்டுவிட்டேன். இஸ்திகாராவின் துஆவில் கடைசியாக ஒன்று கேட்கிறோம்: நன்மை எங்கிருந்தாலும் அதைத் தந்து, அதைக் கொண்டு என்னைத் திருப்தியடையச் செய் என்று. ஆயுள் முழுவதும் அதை ஓதியும் கேட்காதவனாக இருந்தேன். உங்களில் யாராவது ஒரு காரியத்தின் வாசலில் தடுமாறி நின்றால், இரண்டு ரக்அத் தொழுங்கள். நீங்களே தொழுங்கள். நேர்மையான கேள்வியைக் கேளுங்கள். பிறகு அவனை நம்பி இருங்கள். நான் இருக்கவில்லை. அதற்கு மட்டும்தான் எனக்குச் செலவு வந்தது.

மறுப்பு அனுப்பிய நாளுக்கும் நுவன் அழைத்த நாளுக்கும் இடையில் நாற்பத்தொன்பது நாள். சந்தேகப்பட்ட நாளுக்கு நூறு ரூபா வீதம் ஏழைகளுக்கு ஸதகாக் கொடுப்பதென்று கணக்குப் போட்டுச் சுலைஹாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, பச்சைக் கனவு கண்ட நாளையும் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன்.

மொத்தம் ஐயாயிரம் ரூபா.