பாஸ்போர்ட்டில் சடை, குற்றாலத்தில் மொட்டை

பாஸ்போர்ட் படத்தில் ரிப்பன் கட்டிய சடையோடு இருக்கும் பெண் குழந்தையை, மொட்டைத் தலையோடு பினாங்கில் இறங்க விடுவார்களா?

குற்றாலத்தில் சாரல் பெய்கிறது. ஆற்றோரத்தில் என் இரண்டு வயது மகள் செல்லம், மடியில் உட்கார்ந்து பொரி தின்கிறாள். பினாங்கில் வேலை பார்க்கும் அப்பாவை அவள் இன்னும் பார்த்ததில்லை. அடுத்த மாதம் நாகப்பட்டினத்தில் கப்பலேறுகிறோம். அதற்கு முன் குற்றாலநாதருக்கு முடி இறக்குவதாக மாமியார் நேர்ந்திருக்கிறார். நானும் சரியென்று அவரோடு வந்துவிட்டேன். நாவிதர் பாதித் தலையை மழித்த பிறகுதான் பாஸ்போர்ட் படம் நினைவுக்கு வருகிறது.

அவர் கையைத் தடுத்து விஷயத்தைச் சொல்கிறேன்.

"பாதியில நிறுத்தினா சாமிக்கும் ஆவாது, சர்க்காருக்கும் ஆவாதும்மா" என்கிறார்.

"வேற பிள்ளைன்னு திருப்பி அனுப்பிட்டா?"

"பிள்ளைக்கு யாரு சாடை?"

"என் மவன் மூக்கேதான்" என்கிறார் மாமியார்.

"பொறவென்ன? அவரு துறைமுகத்துக்கு வருவாருல்லா, பக்கத்துல நிறுத்திக் காட்டுங்க. நான் மூக்கையா செரைக்கேன்?"

எனக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. மீதி முடியும் போகிறது. சந்தனம் பூசிய தலையோடு செல்லம் சாரலில் குதிக்கிறாள். குளித்துவிட்டுப் போகிற ஓர் அம்மாள், "தம்பி பேரென்ன?" என்று கேட்கிறாள். பாஸ்போர்ட்டில் இருப்பது பெண் குழந்தையாயிற்றே!

புதுப் படம் எடுத்து அனுப்பினால், காகிதம் திரும்பி வருவதற்குள் முடி வளர்ந்துவிடும். குழந்தையோடு கப்பலேறிய அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: பயணத்தைத் தள்ளிப்போடட்டுமா, அல்லது அவள் அப்பாவின் மூக்கை நம்பி ஏறிவிடலாமா?