சுறா படமும் ஒரு சம்ப் மூடியும்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. பாரிவாக்கத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, நெட் இல்லை, எழுத உட்கார மனசும் இல்லை.

இப்போது எல்லாம் திரும்பி வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன் — சுறா படங்களைப் பற்றி.

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

நான் இருப்பது மாடி வீடு. கீழ் வீட்டில் மும்தாஜ். அவள் கணவர் ஜப்பார் பாய் பூந்தமல்லியில் சோபா ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறார். சமீபத்தில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்ததில் மும்தாஜுக்கு வலது கால் முறிந்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டு. பகலில் வீட்டில் அவள் மட்டும்தான். என் கணவரும் திருச்சியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்ததால், சாப்பாடு முடிந்ததும் துணைக்கு இறங்கிப் போய்விடுவேன்.

போனால், டிவியில் சுறா!

ஒன்று முடிந்தால் இன்னொன்று. இத்தனை சுறா படங்கள் உலகத்தில் இருக்கின்றன என்றே எனக்கு அதுவரை தெரியாது. கதை என்று பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். நாலு நண்பர்கள், ஒரு படகு. போனில் சிக்னல் கிடையாது. ஒருத்தருக்குக் கையில் லேசாகக் கீறும், ஒரு சொட்டு ரத்தம் கடலில் விழும்... அப்புறம் என்ன? ஜோக் அடிப்பவன்தான் முதலில் போவான். கடைசியில் ஒரு பாறையும் ஒரு பெண்ணும் மிஞ்சுவார்கள்.

எனக்கு எரிச்சல் வரும். மீன் எங்கேயாவது உறுமுமா? இதில் சிங்கம் மாதிரி உறுமுகிறது. கடலில் வேறு சாப்பாடே இல்லாத மாதிரி, பங்காளிச் சண்டை போல ஒரே பெண்ணைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. எல்லாவற்றையும்விட, முழு மீனையும் காட்டிவிடுகிறார்கள் பாருங்கள், அதுதான் பெரிய தப்பு. தண்ணீர் சும்மா அசையும்போதுதான் பயமே. பல்லைக் காட்டினதும் ரப்பர் பொம்மையாகிவிடுகிறது.

மும்தாஜுக்கு வேறு சந்தேகம். "ரெண்டு நாளா பாறை மேலயே கீறாளே... இவளுக்கு ஒண்ணுக்கு வராதாக்கா?"

"இவ்வளவு கிண்டல் பண்றியே, அப்புறம் எதுக்குடி பாக்குற?"

அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்தப் பொண்ணைப் பாருங்கக்கா. அழுதுகினே யோசிக்கிறா. அதுக்குத்தான் பாக்குறேன்."

படம் பார்ப்பதற்கு இவ்வளவு நேர்மையான காரணத்தை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அடுத்த சில நாளிலேயே மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. பட்டறைக்குள் தண்ணீர் வருகிறது, ஃபோம் எல்லாம் நனைகிறது என்று போன் வர, ஜப்பார் பாய் காலையிலேயே பூந்தமல்லிக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் மும்தாஜ் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, கட்டிலுக்கு அடியில தண்ணி வந்துகினு கீது."

எங்கள் வீட்டு மாடிப்படி வெளியே, பின்பக்கம் இருக்கிறது. அங்கிருந்து பக்கவாட்டுச் சந்து வழியாக வந்தால்தான் கீழ் வீட்டு வாசல். அந்தச் சந்தின் நடுவில் சம்ப் — ஆள் உயரத்துக்கும் மேல் ஆழமான தண்ணீர்த் தொட்டி. அதன் இரும்பு மூடி துருப்பிடித்து உடைந்த பிறகு, ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு மூடியிருந்தார் வீட்டு ஓனர். நான் இறங்கி வந்தபோது கணுக்கால் அளவுதான் தண்ணீர். பலகை அதன் இடத்தில் இருந்தது. தாண்டி வந்தேன்.

மெயினை அணைத்தேன். மும்தாஜைத் தூக்கப் பார்த்தேன். அந்தக் கட்டோடு என்னால் அசைக்கக்கூட முடியவில்லை. உதவி எண்ணுக்குப் போன் போட்டால், "படகு அனுப்புறோம்மா, வெயிட் பண்ணுங்க" என்றார்கள். எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை, பாவம். எத்தனை தெருவுக்குத்தான் போவார்கள்?

பேசிக்கொண்டிருக்கும்போதே முழங்கால் தாண்டிவிட்டது. ஏரித் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்று தெருவில் சத்தம். அப்போதுதான் அதைப் பார்த்தோம் — ஜன்னலுக்கு வெளியே அந்தப் பிளைவுட் பலகை மெதுவாக மிதந்து போனது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பலகை இங்கே மிதந்தால், அங்கே சம்ப் வாயைத் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். மேலாகப் பார்த்தால் வெறும் காபி நிறத் தண்ணீர். எங்கே இருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது.

மும்தாஜின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளாமலே பேசினாள். "படகு வரட்டும்னு குந்திகினு இருந்தா கட்டிலு முழுகிடும்கா. இன்னும் ஏறிச்சுன்னா யாராலயும் நடக்க முடியாது. இப்பவே போயிடலாம். எதிர் ஊட்டு வேலு அண்ணனைக் கூப்பிடுங்க."

நான் ஜன்னலில் நின்று கத்தினேன். எதிர்வீட்டு வேலு அம்பத்தூரில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். அன்று வண்டி போகவில்லை. அவரும் மனைவி செல்வியும் கேட்டைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

"நாற்காலியில உக்கார வெச்சுத் தூக்கிடலாம்," என்றார் வேலு. "ஆனா அந்தச் சம்ப் எங்க கீதுன்னு எனக்குத் தெரியாதே. கால் உள்ள போச்சுன்னா நாற்காலியோட எல்லாரும் காலி."

எனக்குத் தெரியும். தினமும் அந்தச் சந்தில் நடப்பவள் நான்தான். ஆனால் எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றாலே பயம். அதையும் சொன்னேன்.

"எனக்கும்தான் பயமா கீது," என்றாள் செல்வி. "நீங்க முன்னாடி போங்க. நாங்க பின்னாடியே கீறோம்."

மும்தாஜின் காலுக்கு ஃபோம் சுற்றி வந்த பாலிதீன் கவரைச் சுற்றினோம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். இந்தப் பக்கம் வேலு, அந்தப் பக்கம் செல்வி. முன்னால் நான், கையில் மாப் குச்சியோடு.

சந்துக்குள் திரும்பியதும் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. குச்சியை ஊன்றினேன். தரை. ஒரு அடி வைத்தேன். மறுபடி ஊன்றினேன். தரை. யாருடைய செருப்போ என் வயிற்றில் மோதியது. நான் கத்தியே விட்டேன்.

அடுத்து ஊன்றியபோது குச்சி நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. என் கையும் தோள் வரைக்கும் கூடவே போனது. உடம்பு முன்னால் சாய்ந்தது. செல்வி ஒரு கையால் என் புடவையைக் கொத்தாகப் பிடித்து இழுத்திருக்காவிட்டால், இந்தப் பத்தியை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

நிமிர்ந்தேன். ஆனால் கால் நகரவில்லை. சுத்தமாக உறைந்துவிட்டேன். பின்னால் நாற்காலி ஆடியது.

"அக்கா!" மும்தாஜின் குரல். "நிக்காதீங்க. செவுத்தை ஒட்டிப் போங்க. ஓரமா ஒரு ஆள் போற அகலத்துக்குத் திட்டு கீது. அழுவுங்க, பரவால்ல. அழுதுகினே போங்க!"

அழுதேன். அழுதுகொண்டே முதுகைச் சுவரில் ஒட்டி, பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக நகர்த்தினேன். அந்தத் திட்டில் நாற்காலி இரண்டு ஆளோடு போக இடமில்லை. வேலு மும்தாஜை முதுகில் தூக்கிக்கொண்டார். செல்வி கட்டுப் போட்ட காலைத் தாங்கிப் பிடித்தாள். நாற்காலியை விட்டுவிட்டோம், அது தன்பாட்டுக்கு எங்கோ போனது. குச்சி நுனியைச் சம்ப் விளிம்பில் அழுத்திப் பிடித்து, "இதுக்கு இந்தப் பக்கம், இதுக்கு இந்தப் பக்கம்" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். மாடிப்படியின் முதல் படி காலில் இடித்தபோது, வலிக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது.

மத்தியானம் போல ஜப்பார் பாய் வந்து சேர்ந்தார். பஸ் இல்லாமல், பாதி தூரம் தண்ணீரிலேயே நடந்து வந்திருக்கிறார். நல்லவேளை, அவர் சந்தில் நுழைவதற்குள் மாடியிலிருந்து நாலு பேரும் ஒரே குரலில் கத்தினோம். சுவரோடு ஒட்டி வந்து மேலே ஏறியவர், மனைவியைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது சொல்லுங்கள், சுறா படத்தில் என்ன குறை? குறை அந்த உறுமல் அல்ல. ரப்பர் பல்லும் அல்ல. அந்தப் படங்களில் எதிர் வீடு என்று ஒன்று இருப்பதே இல்லை. கூப்பிட ஒரு வேலு இல்லை, புடவையைப் பிடித்து இழுக்க ஒரு செல்வி இல்லை. தனியாக ஜெயிப்பதுதான் வீரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஹெலிகாப்டர் வந்ததும் 'சுபம்' வேறு போட்டுவிடுகிறார்கள். மறுநாள் சேறு அள்ளுவதை யார் காட்டுவது?

நாங்கள் அள்ளினோம். மெத்தை, பீரோவின் அடித்தட்டுத் துணி எல்லாம் குப்பைக்குப் போயின. ஃப்ரிட்ஜ் உயிரை விட்டது. மும்தாஜ் மாடியிலிருந்தே எல்லாரையும் விரட்டி வேலை வாங்கினாள். நடுவில் ஓனருக்குப் போன் போட்டாள்.

"மூடிதானேம்மா? பொங்கல் கழிச்சுப் பாத்துக்கலாம்."

"நீங்க பொங்கல் கழிச்சே வாங்கண்ணே. மூடி இன்னிக்கே வந்துடும்."

வந்துவிட்டது. ஜப்பார் பாய் பட்டறைக்குப் பக்கத்து வெல்டிங் கடையில் சொல்லி, கனமான இரும்பு மூடி, கீல், கொக்கி எல்லாம் வைத்துப் பூட்டியாகிவிட்டது.

தன்னைக் கேட்காமல் எப்படிப் போடலாம் என்று நேற்று ஓனர் நேரிலேயே வந்துவிட்டார். சந்தேகத்தோடு மூடி மேல் ஏறி நின்றார். ஒரு காலால் தட்டினார். அப்புறம் லேசாகக் குதித்துப் பார்த்தார்.

மாடியிலிருந்து மும்தாஜ் குரல் கொடுத்தாள்: "நல்லா குதிங்கண்ணே! உள்ள போனாலும் தூக்கி உட நாங்க இத்தினி பேர் கீறோம்."