பிரம்பாலின் மூக்கும் ஒரு வயல் கரும்பும்

நயாகேடா ஊரில் பிரம்பால் சிங்கின் மூக்கைப் பற்றிப் பேசுவதென்றால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள். நாலு வயலுக்கு அப்பால் எவனாவது பீடி பற்றவைத்தால், பீடியின் பெயரைச் சொல்லிவிடும் மூக்கு அது. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணை நிமிர்ந்தும் பார்க்காமல், கொல்லையில் கட்டியிருக்கும் எருமை இன்று ராத்திரி கன்று போடும் என்றாராம். போட்டது. அந்த ராசியிலேயே கல்யாணமும் நடந்து, அங்கூரி இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நம்பாதவர்கள் எருமையைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த மூக்குக்கு ஊரில் ஒரு பொறுப்பு இருந்தது. செவ்வழுகல் நோய் கண்ட கரும்பு வெளியே பச்சையாக நின்றபடியே உள்ளே சிவந்து அழுகும். கிட்டே போனால் புளித்த சாராய வாடை வரும். வந்துவிட்டால் மருந்து கிடையாது. தூரோடு பிடுங்கி எரித்து, குழியில் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். பரவிவிட்டதா, வயலையே உழுதுபோட்டுவிட்டுக் கோதுமைக்கு மாற வேண்டியதுதான். பிரம்பால் வரப்போடு நடந்து ஒரு தூரைக் காட்டினால் மறுபேச்சு இல்லை. போன வருஷம் பக்கத்து வயல் மாங்கேராமின் கரும்பு இரண்டு வரிசை அவர் சொல்லில்தான் போயிற்று.

இந்த ஐப்பசியில் அவருடைய சொந்த வயலிலேயே அந்த வாடை வந்தது.

ஆழ்குழாய்க் கிணற்றைத் தாண்டி, மேற்கு மூலை. பிரம்பால் நின்றார். மோந்தார். புளிப்பு. நிமிர்ந்து தோகையைப் பார்த்தார். நடுநரம்பில் சிவப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. மாசியில் ஊரே நடவுக்கு விதைக்கரணை வெட்டி எடுக்கக் காத்திருந்த வயல் அது. இங்கே நோய் இருந்தால் கரணையோடு கரணையாக ஒவ்வொரு வீட்டு வயலுக்கும் போய்விடும்.

எந்தத் தூர் என்று தெரிந்தாலாவது பிடுங்கிப் போடலாம். எந்தத் தூரில் மூக்கை வைத்தாலும் அதே வாடை. ஒரு கரும்பைப் பிளந்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் தூங்குகிற சாமி எழுந்திருக்கும் ஏகாதசிக்கு முன்னால் நல்ல கரும்பில் அரிவாள் படக்கூடாது. அது நல்ல கரும்புதானா என்று பார்க்கத்தான் வெட்டுகிறேன் என்றால் சாமி வேண்டுமானால் ஒப்புக்கொள்ளும், ஊர் ஒப்புக்கொள்ளாது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை. அங்கூரி வயிற்றுக் கோளாறு என்று ஓமத் தண்ணீராகக் கொடுத்துத் தள்ளினாள். மாங்கேராம் வந்து தன் பங்குக் கரணையைக் குறித்து வைத்தாயிற்றா என்று கேட்டபோது, மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

ஒருவழியாக ஏகாதசி வந்தது. அங்கூரி நெய்யும் வெல்லமும் வைத்த தட்டோடு முன்னால் போனாள், மாங்கேராமும் ஒட்டிக்கொண்டான். கரும்புக்கு நூல் கட்டிக் கும்பிட்டாயிற்று. அரிவாளைப் பிடித்த பிரம்பாலின் கை மட்டும் எழவில்லை.

"கும்பிட வந்தோமா, துக்கம் கேக்க வந்தோமா? வெட்டுங்க நீரஜ் அப்பா" என்றாள் அங்கூரி.

"உள்ள அழுகிப்போச்சு நீரஜ் அம்மா. எத்தனை நாளா மோந்துக்கிட்டு இருக்கேன்" என்றார் அவர்.

மாங்கேராமின் முகம் செத்துப்போயிற்று. அங்கூரி அரிவாளை வாங்கி, கோடு விழுந்த கரும்பையே ஒரு போடு போட்டு, நெடுக்காகப் பிளந்து அவர் முன்னால் நீட்டினாள்.

தேங்காய்ப் பருப்புப் போல வெள்ளை. சாறு அவள் முழங்கைவரை வழிந்தது. நுனியில் மட்டும் ஒரு துளை, அதைச் சுற்றிக் கொஞ்சம் சிவப்பு, உள்ளே கொழுகொழுவென்று ஒரு புழு.

"குருத்துப்புழு" என்றார் பிரம்பால். "மாங்கே, வெறும் குருத்துப்புழுடா!" பேரப்பிள்ளையை ஏந்துவதுபோல அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் நாலு கரும்பு பிளந்தார்கள். எல்லாம் வெள்ளை.

"புழுவைப் பார்த்து இப்படிக் குளுந்துபோன ஆளை நான் கண்டதில்ல பெரியப்பா. பேர் வேணா வெச்சிடுவோமா?" என்றான் மாங்கேராம். பிறகு அவனும் மோந்து பார்த்தான். "அப்போ இந்த வாடை எங்கேர்ந்து வருது?"

அங்கூரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

பிரம்பால் மூக்கை முன்னால் விட்டுப் பின்னால் போனார். கரும்புக்குள் கொஞ்ச தூரம் நுழைந்ததும், கழுத்துவரை மண்ணில் புதைத்த இரண்டு பானைகள். ஊறுகாய்க்குப் புளிக்கவைத்த கரும்புச்சாற்றுக் காடி. ஒன்றின் வாய்த்துணியை நரி கிழித்துப் போட்டிருந்தது.

"சித்திரையில வீட்டுல வாடை தாங்கலைன்னு குதிச்சீங்க. கண்ணுல படாத இடமா கொண்டுபோய் வையின்னீங்க. வெச்சேன். மூக்கைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லல" என்றாள் அங்கூரி.

மாங்கேராம் சிரிப்பை அடக்கக் கரும்பைக் கடித்துக்கொண்டான். அவனுக்கு எந்த வரிசை பிடிக்கிறதோ அதில் கரணை எடுத்துக்கொள்ளலாம் என்று பிரம்பால் சொன்னார். குருத்துப்புழு விழுந்த நுனிகளை இன்றைக்கே சேர்ந்து கிள்ளி எரித்துவிடலாம் என்றும் சொன்னார். புழுவை மட்டும் என்ன செய்தார் என்று தெரியவில்லை. கொன்றதை யாரும் பார்க்கவில்லை.

பானைகள் வீட்டுக்கே திரும்பின. தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகச் சுமந்து வந்தவர் பிரம்பால்தான். நடக்க நடக்கக் காடி தளும்பி நெற்றியில் வழிந்து, அந்தப் பேர்பெற்ற மூக்கின் நுனியில் சொட்டியது. அவர் துடைக்கவில்லை. வழியில் கேட்டவர்களிடமெல்லாம், கரும்பு இந்த வருஷம் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டே போனார்.