பொம்பா வண்டிக்கு முருகன் செய்த உதவி

எனக்கு ஒன்பது வயதானபோது எங்கள் வீட்டில் ஓர் அற்புதம் நடந்தது. நடத்தியவர் முருகன் என்றும், சிபாரிசு செய்தவள் நான் என்றும் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது தம்போயில் இருந்தோம். சித்தி பிரிந்துபோன பிறகு சித்தப்பா எங்கள் வீட்டு முன்னறைக்குக் குடிவந்திருந்தார். வார நாட்களில் தொழிற்சாலை. வீடு திரும்பினால் சாப்பாடு, தொலைக்காட்சி, தூக்கம். அம்மா ஏதாவது கேட்டால் "ம்" என்பார். இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்டால் "ம்ம்" என்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் வேறு ஆள். விடிந்ததும் குளித்து, கிரீஸ் கறை படிந்த சட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த பட்டறைக்குக் கிளம்பிவிடுவார். நச்சரித்து நானும் ஒட்டிக்கொள்வேன்.

அங்கே ஒரு பழைய பொம்பா வண்டி நின்றது. தீயணைப்பு வண்டிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். செடெனாக் அருகே ஒரு தோட்டத்தில், ரப்பர் காயப்போடும் புகைக்கூடம் தீப்பிடித்தால் அணைப்பதற்காக வெள்ளைக்காரர்கள் வாங்கிப்போட்டது. கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த அந்த வண்டியைப் பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே இழுத்துவந்திருந்தார். அதற்குக் கதவே கிடையாது. நெருப்பை அணைக்கப் போகிறவன் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருப்பானா என்று பாக்சிக் கேட்பார்.

பாக்சிக் என்று நாங்கள் கூப்பிட்டது, பொம்பா வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மலாய்க்காரரை. தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். அவரும் சித்தப்பாவும் இரண்டு வருடமாக அந்த வண்டியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். மேல்பூச்சைச் சுரண்டினால் சிவப்புக்கு அடியில் சிவப்பு, அதற்கும் அடியில் இன்னொரு சிவப்பு. எது பிறந்தபோது இருந்த சிவப்பு என்று இருவரும் வாரக்கணக்கில் வாதாடினார்கள். மர ஏணியின் ஒவ்வொரு படியையும் தேய்த்து எண்ணெய் பூசினார்கள். பித்தளைக் குழாய் முனையைச் சித்தப்பா கையில் ஏந்தி வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும் விதத்தைப் பார்த்தால், ஏதோ பிறந்த குழந்தையை வைத்திருக்கிறார் என்றுதான் தோன்றும். வீட்டில் வாய் திறக்காத மனிதர் அங்கே வாய் மூடமாட்டார்.

வண்டியை யோங் பெங்கில் உணவகம் வைத்திருந்த ஒருவர் விலைக்குக் கேட்டிருந்தார். ஓடுகிற நிலைக்கு வந்ததும் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும் என்பது தவுக்கேயின் ஏற்பாடு. அதற்கு முன், இயந்திரம் உயிர்பெறும் அன்று நான் முன்னிருக்கையில் உட்கார்ந்து மணியடிக்கலாம் என்பது சித்தப்பா எனக்குக் கொடுத்த வாக்கு. எனக்கு அந்த மணிதான் கண்ணில் நின்றது. லாரியைப் பற்றி நான் ஏன் யோசிக்கப்போகிறேன்?

கடைசியில் ஒரே ஒரு பொருள் பாக்கி. ரோட்டர் என்பார்கள், பெருவிரல் அளவுக் கறுப்புத் துண்டு. அது இல்லாமல் இயந்திரத்துக்குள் தீப்பொறி போகாது. ஆங்கிலம் தெரிந்தவர் என்பதால் இங்கிலாந்துக்கு எழுதி வரவழைக்கும் பொறுப்பு சித்தப்பாவுடையது.

"வந்துச்சா தம்பி?" என்று பாக்சிக் ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார்.

"இன்னும் வரல பாக்சிக். கப்பல்ல போட்டுட்டாங்க போல."

வேறு வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டலாமே என்று தவுக்கே மலாயில் முணுமுணுத்தபோது சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரிஜினல் இல்லாம ஓட்டுனா அது பொம்பா இல்ல, சும்மா லாரி!" என்றார். பிறகு இருவரும் ஏற்கெனவே துலக்கிய பித்தளையை மறுபடி துலக்க உட்கார்ந்தார்கள். மாதங்கள் போயின.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு மாதம் ஐஸ் மைலோ குடிப்பதில்லை என்று நேர்ந்துகொண்டு, மாலை விளக்கேற்றும்போதெல்லாம் முருகனிடம் ரோட்டர் கேட்டேன்.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் சாமிப் படங்களை இறக்கித் துடைக்கும் வேலை எனக்கு வந்தது. நாற்காலி போட்டு ஏறினேன். முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு பழைய விபூதி டின். திறந்தால், மடித்த உறைக்குள் அந்தக் கறுப்புத் துண்டு! உறையில் ராணியின் தலை போட்ட தபால்தலை. முருகன் இங்கிலாந்திலிருந்து தபாலில் தருவித்திருக்கிறார் என்பதில் எனக்கு எந்தச் சிக்கலும் தெரியவில்லை.

"அம்மா, சாமி குடுத்துருச்சு!" என்று கத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். சித்தப்பா அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாகச் சித்தப்பாவைப் பார்த்தார்.

"முருகா" என்று மட்டும் சொன்னார். பிறகு, "எடுத்துட்டுப் போங்க தம்பி. பிள்ள கேட்டு வந்துருக்கு" என்றார்.

"சரிங்க அண்ணி" என்றார் சித்தப்பா.

ஞாயிறன்று பாக்சிக் அந்தத் துண்டை மூக்கருகே கொண்டுபோனார். "என்ன இது, விபூதி வாசம் அடிக்குது?" நடந்த அற்புதத்தை ஒன்றுவிடாமல் அவருக்கு விளக்கினேன். கேட்டுவிட்டு, "அலாமாக்" என்றார், மலாயில் 'அடடா' என்பதுபோல. சித்தப்பா ஏணிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாக்சிக் போய் அவர் தோளில் கைவைத்து, "போட்டுருவோம் தம்பி" என்றார்.

மூன்றாவது முயற்சியில் இயந்திரம் உறுமியது. தவுக்கே கைதட்டினார். நான் தொழிற்பேட்டைத் தெரு முழுக்க மணியடித்துக்கொண்டு போனேன், நாய்கள் துரத்தின. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. அந்த வாரமே லாரி வந்தது.

தபால்தலையை உறையோடு வெட்டி என் ஆல்பத்தில் ஒட்டிவைத்திருந்தேன். வேலைக்குப் போய் வீடு மாறியபோதுதான் அதன் மேலிருந்த முத்திரையைப் படித்தேன். அந்த ஆயுத பூஜைக்கு ஏழு மாதம் முந்தையது. அஞ்சல் அவ்வளவு தாமதமாகாது. ஏழு மாத ஞாயிறுகளைச் சித்தப்பா ஒரு விபூதி டின்னுக்குள் போட்டு மூடிவைத்திருந்தார்.

ஆனால் அன்று எனக்குத் தெரிந்தது, லாரி போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்காமல் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும்தான். பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சித்தப்பா, வேற ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க. நான் முருகன்கிட்ட கேக்குறேன்."

அவர் என் தலையில் கைவைத்தார். "வேணாம்மா. நீ இனிமே ஒண்ணும் கேக்காத" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு மாதம் மைலோ குடிக்காமல் இருந்தவளுக்கு ஒரு நன்றிகூடக் கிடையாதா என்று, விருட்டென்று எழுந்து போய்விட்டேன்.