அறுபத்திரண்டு கிராம்

எங்கள் பெரியப்பாவைப் புகைப்படச் சங்கத்தில் 'கிராம் சார்' என்று கூப்பிடுவார்கள். கேலிதான். ஆனாலும் அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. பார்சல் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எடைமேடைக்குப் பின்னால் நின்றவர். ஒரு பொட்டலத்தைக் கையில் வாங்கியதுமே "நானூத்தி இருபது" என்பார். தராசு நானூற்றுப் பதினைந்து காட்டினால் தராசைத்தான் சந்தேகப்படுவார்.

ஓய்வு பெற்ற பிறகு கேமரா வாங்கினார். முதல் பயணத்துக்குப் பதினோரு கிலோ தூக்கிக்கொண்டு போய், திரும்பி வந்ததும் தோள்பட்டையில் பட்டை கட்டிக்கொண்டு ஒரு மாதம் கிடந்தார். அதற்குப் பிறகு ஆளே மாறிவிட்டார். விமானத்தில் கையோடு கொண்டுபோக அனுமதிக்கும் ஏழு கிலோவுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். ஒரு கேமரா, இரண்டு லென்ஸ், மூன்று பேட்டரி, இரண்டு சட்டை. மூன்றாவது சட்டை எதற்கு என்று கேட்பார். "சட்டையைத் துவைச்சுக்கலாம். தோள்பட்டையைத் துவைச்சுக்க முடியுமா?"

லென்ஸ் உறைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு, காலுறைக்குள் லென்ஸைச் சுற்றி வைப்பார். கேமரா வாரின் இரும்பு வளையங்களைக் கழற்றி நாடா கட்டினார். பல்துலக்கியின் கைப்பிடியைப் பாதியில் அறுத்தார். இதற்கெல்லாம் எடை பார்ப்பது சமையலறைத் தராசில்.

"மாவு அளக்கணும், உங்க கண்ணாடியை எடுக்கிறீங்களா?" என்பாள் பெரியம்மா.

"கண்ணாடி இல்ல. லென்ஸ்."

"எதுவோ ஒண்ணு. தின்னவா போறோம், எடுங்க."

பெரியம்மாவுக்கு இரண்டு காதிலும் மிஷின் உண்டு. அது இல்லாவிட்டால் எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். பெரியப்பாவின் பயணங்களுக்கெல்லாம் அவளும் கூடப் போவாள். அவளுக்கென்று தனியாக ஒரு கைப்பை. அதற்கும் ஏழு கிலோதான் கணக்கு.

போன மாதம் இருவரும் ஒரு தீவுக்குப் போனார்கள். கடற்பறவைகள் கூடு கட்டும் பருவம். ஆறு நாள். கிளம்பும் அன்று காலையில் பெரியப்பாவுக்கு ஒரு சபலம் தட்டியது. பறவை என்றால் நீளமான லென்ஸ் இல்லாமல் எப்படி? இரண்டு லென்ஸுக்கு மேல் ஆகாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், மூன்றாவதையும் எடுத்துவைத்தார். அவர் பை எல்லை தாண்டியது. சார்ஜரையும் துடைக்கும் துணியையும் பெரியம்மாவின் பைக்கு மாற்றினார். அந்தப் பையும் ஏழு கிலோவைக் கொஞ்சம் தாண்டியது. பெரியம்மா குளித்துக்கொண்டிருந்தாள். பையின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துணிப்பை தட்டுப்பட்டது. ஹேர்பின், ஊசி நூல் என்று நினைத்தார். தராசில் வைத்தார். அறுபத்திரண்டு கிராம். எடுத்து மேசையில் தராசுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். அதன் மேல் அன்றைய செய்தித்தாள் விழுந்தது.

உள்ளே இருந்தவை பெரியம்மாவின் காது மிஷினுக்கான மாற்று பேட்டரிகள்.

தீவில் இரண்டாம் நாள் மதியத்துக்குள் இரண்டு மிஷினும் ஓய்ந்தன. அங்கே இருந்த ஒரே கடையில் டார்ச் பேட்டரி இருந்தது, இது இல்லை. பெரியம்மா பையைக் கவிழ்த்துப் பார்த்தாள், இரண்டு முறை. பிறகு எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்துவிட்டாள். கணவரிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டு வருகிறவர்களைப் பற்றி அவர் என்ன பேசுவார் என்று அவளுக்குத் தெரியும். சங்கப் பயணங்களில் பேருந்தில் எத்தனை பேரின் மறதிக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்! நாலு நாள்தானே, தலையாட்டிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

சமாளித்தாள். அவர் கவனிக்கவே இல்லை.

கவனிக்காதது மட்டுமில்லை. ஐந்தாம் நாள் சாப்பிடும்போது, "இந்தத் தடவைதான் நீ நல்ல துணை. அது என்ன, இது எப்போன்னு ஒரு கேள்வி இல்ல. நிம்மதியாப் படம் எடுத்தேன்" என்று பாராட்டினாராம். இதை அவரே பின்னால் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு வெகுநேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பியதும் செய்தித்தாளை எடுத்துப் போட்டவள் பெரியம்மாதான். கீழே துணிப்பை.

"அய்யோ, இங்கேயே வச்சுட்டுப் போயிருக்கேன் பாருங்க. மிஷின் பேட்டரிங்க. அங்க நாலு நாள் எனக்கு ஒண்ணுமே கேக்கல. திட்டுவீங்கன்னு சொல்லல. என் புத்திய எதால அடிக்கிறது?"

பெரியப்பா அந்தப் பையைப் பார்த்தார். பார்சல் அலுவலகத்தில் "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்காமல் ஒரு பொட்டலத்தைக்கூட மேடையில் ஏற்றியதில்லை அவர். அந்தக் கேள்வியை அன்று தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தார். வந்தது இவ்வளவுதான்:

"சரி, விடு."

தன் தப்புக்கு அவளை மன்னித்துவிட்டார்.

அதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியிருக்காது. பெரியம்மாவின் அக்காவுக்கு ஐந்து வருடத்துக்கு முன் மறதி நோய் வந்தது. முதலில் சாவி, பிறகு தெருப் பெயர், கடைசியில் பிள்ளைகளின் முகம். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் பெரியம்மா. துணிப்பையைப் பையில் வைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பக்கவாட்டு ஜிப், பச்சைத் துண்டுக்கு மேலே. அவ்வளவு தெளிவாக நினைவிருக்கிறது, ஆனால் துணிப்பை மேசை மேல் இருந்திருக்கிறது. அப்படியென்றால் நினைவில் இருப்பது எதையுமே நம்ப முடியாதா?

அடுப்பை அணைத்தோமா என்று மூன்று முறை எழுந்து போனாள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் சீட்டுகள் ஒட்ட ஆரம்பித்தாள். 'பால் வாங்கியாச்சு.' 'மாத்திரை போட்டாச்சு.' வருகிற திங்கட்கிழமைக்கு நரம்பு மருத்துவரிடம் நேரமும் வாங்கிவிட்டாள். இவ்வளவையும் பெரியப்பா இரண்டு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்திருக்கிறார். ஒவ்வொரு நாள் தள்ளத் தள்ள, சொல்ல வேண்டியது இரட்டிப்பாகிக்கொண்டே போனது.

சனிக்கிழமை மதியம் சங்கக் கூட்டம். 'குறைந்த எடையில் பயணம்' என்று பெரியப்பா பேசினார். அவருடைய பட்டியலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து திரையில் போட்டது நான். பட்டியலில் லென்ஸ் இரண்டுதான். நடுவில் கேள்வி கேட்க விட்டபோது சங்கத்துப் பல் மருத்துவர் எழுந்தார். நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது.

"கிராம் சார், ஊருக்கெல்லாம் லிஸ்ட் குடுக்கிறீங்க. வீட்டம்மாவுக்குக் குடுக்கலையா? பேட்டரிய மறந்துட்டு வந்து நாலு நாள் ஊமைப் படம் பாத்தாங்களாமே!"

கூட்டத்துக்கு முன் டீ குடிக்கும்போது பெரியம்மாவே தன்னைக் கேலி செய்துகொண்டு சொன்ன கதை அது. அறை முழுக்கச் சிரித்தது. தையற்கடை அக்கா, "எங்க வீட்டுல அவர் என்னையே மறந்துட்டுப் போவாரு" என்றாள். இன்னும் சிரிப்பு. பெரியம்மா மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கணம் தாமதமாகச் சிரித்தாள்.

பெரியப்பாவும் சிரித்தார். நான் கணினிக்குப் பக்கத்தில் நின்றதால் எனக்குத் தெரிந்தது, அவர் கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. அடுத்த பக்கத்தைப் போடச் சொல்லவே இல்லை. "இவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை அவர்கள் வீட்டில் அந்தப் பேச்சைச் சங்க இதழுக்குக் கட்டுரையாக்கிக்கொண்டிருந்தேன். பெரியம்மா மேசையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெரியப்பா கழுவுதொட்டியில் ஒரு டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா, அத நிறுத்து" என்றார் என்னிடம். பிறகு சுவரைப் பார்த்தபடியே பெரியம்மாவிடம், "அந்தப் பைய நீ மறக்கல. நான்தான் எடுத்து வெளிய வச்சேன்" என்றார்.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன சொல்றீங்க? தண்ணி சத்தத்துல ஒண்ணும் புரியல. இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க."

அவர் குழாயை மூடினார். திரும்பினார். பெரியம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு வழக்கம்போல் அவர் உதட்டைப் பார்த்தாள். அப்படிப் பார்ப்பவளிடம் முணுமுணுக்க முடியாது. ஒவ்வொரு சொல்லாக, முகத்துக்கு நேராக, முழுதும் சொன்னார். மூன்றாவது லென்ஸ், தராசு, அறுபத்திரண்டு கிராம், சரி விடு.

எழுந்து போய்விட வேண்டும் போல் இருந்தது எனக்கு. நாற்காலி சத்தம் போடுமே என்று பயந்து அப்படியே இருந்தேன்.

"பக்கவாட்டு ஜிப்புல இருந்துச்சா?" என்று கேட்டாள் பெரியம்மா.

"ஆமா."

"பச்சைத் துண்டுக்கு மேல?"

"ஆமா."

அவள் கண்களை மூடித் திறந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ரெண்டு வாரம்" என்றாள். "அடுப்பு அடுப்புன்னு நான் எழுந்து எழுந்து போனத நீங்க பாத்துட்டுதானே இருந்தீங்க?"

"பாத்தேன்."

"இன்னைக்கு எல்லாரும் சிரிச்சப்போ?"

"நானும் சிரிச்சேன்."

அவள் நறுக்கிய காயை ஓரமாகத் தள்ளினாள். பிறகு அவளே, "படகுல கேமராவ முகத்துல வச்சுக்கிட்டு என்கிட்ட ரொம்ப நேரம் என்னவோ சொல்லிட்டு வந்தீங்க. ஏதோ நல்லதுன்னு நெனச்சு நானும் தலையாட்டிட்டே இருந்தேன். என்ன அது?" என்றாள்.

பெரியப்பா பொய் சொல்லியிருக்கலாம். அவள் கேட்டதே அப்படி ஒரு பொய்க்காகத்தானோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

"தள்ளி உக்காருன்னு சொன்னேன். படத்துல உன் தலை விழுந்துச்சு."

பெரியம்மா தலையாட்டினாள். எழுந்து போய் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக உரித்தாள். மருத்துவமனைச் சீட்டை மட்டும் கொண்டுவந்து பெரியப்பாவின் கைபேசிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏழு மணி வரைக்கும் ஆளு இருப்பாங்க. திங்கட்கிழமை வேண்டாம்னு சொல்லுங்க."

"நீயே சொல்லேன்."

"எதுக்கு வேண்டாம்னு கேப்பாங்க. எனக்கு என்ன தெரியும்?"

அவர் எண்ணை அழுத்தினார். எதிர்முனையில் ஒரு பெண் குரல். பெயர், நேரம் எல்லாம் சொன்னார். பிறகு அந்தப் பெண் ஏதோ கேட்டிருக்க வேண்டும். பெரியப்பா எங்களுக்கு முதுகு காட்டத் திரும்பினார். பெரியம்மா மேசையில் இரண்டு விரலால் தட்டினாள். அவர் மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார்.

"இல்லம்மா, அவங்களுக்கு மறதி எல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார் தொலைபேசியில். "அவங்க சரியாத்தான் வச்சிருக்காங்க. நான்... எடுத்துட்டு, சொல்லாம இருந்துட்டேன்."

பெரியம்மா அவர் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சரியாக விளங்கவில்லை போலும்.

பெரியப்பா இன்னொரு முறை, முதலிலிருந்து, சொல்ல ஆரம்பித்தார்.