காதில் வளர்ந்தது

கொல்லங்கோட்டிலிருந்து பாலக்காடு போகும் பேருந்தில் ஏறினால் இடது பக்க ஜன்னலோரத்தைத்தான் தேடுவேன். என் இடது காது ஜன்னல் பக்கம் இருந்தால் யார் கண்ணுக்கும் படாது. ஒருநாள் அந்தப் பக்கம் இடமே இல்லை. வலது பக்கம் உட்கார வேண்டியதாயிற்று. பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்மணி மடியில் பையைச் சரிசெய்துகொண்டே என் காதைப் பார்த்தார். "சீ" என்றார். எனக்குக் கேட்கக் கூடாது என்றுதான் மெல்லச் சொன்னார், ஆனால் காதுக்குப் பக்கத்திலேயே சொன்னார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துத் தன்னுடைய காதை மூடிக்கொண்டு, இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்தார்.

"ஒட்டிக்காதுங்க. வளர்ந்ததுதான்" என்றேன்.

புதுநகரம் நிறுத்தத்தில் முன்னால் ஓர் இடம் காலியானதும் அவர் எழுந்து போய்விட்டார்.

அவரைத் திட்டித் தீர்க்கலாம்தான். ஆனால் அந்தக் காதைப் பார்த்து என்னைவிட அதிகம் குமட்டிக்கொண்டவர்கள் யாரும் இருக்க முடியாது. காது மடலின் அடியில் பெரிய நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று தொங்குகிறது. அதற்குச் சற்று மேலே வேர்க்கடலை அளவில் இன்னொன்று. இரண்டும் ஊதா கலந்த சிவப்பு. தோல் இழுபட்டு எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும். வெயில் காலத்தில் அரிப்பு பிடித்தால் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் வியர்வையும் சோப்பும் சேர்ந்து ஊறிப்போய், விரலை விட்டு எடுத்தால் புளித்த மாவின் வாடை வரும். வாடை வரும் என்று தெரிந்தும் விரலை விடுவேன், முகர்ந்தும் பார்ப்பேன். என்ன பிறவியோ என்று என்மேலேயே எரிச்சல் வரும்.

நான் பிறந்தது தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. கையில் காசு சேராததால் எனக்குப் பன்னிரண்டு வயதில்தான் காது குத்தினார்கள். வலது காது ஒழுங்காக ஆறியது. இடது காதும் ஆறியது. ஆறிய பிறகுதான் வளர ஆரம்பித்தது. முதலில் மிளகு, பிறகு பட்டாணி. அட்டைப்பூச்சி கடித்திருக்கும் என்றார்கள். சுண்ணாம்பு தடவினார்கள், மஞ்சளைச் சுட்டு வைத்தார்கள். சுட்ட இடம் புண்ணாகி ஆறியபோது பட்டாணி கோலிக்குண்டாகியிருந்தது.

அரசு மருத்துவமனையில் அதை வெட்டி எடுத்தார்கள். ஆறே மாதத்தில் பழைய இடத்திலேயே இன்னும் பெரிதாக வந்தது. தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுவதுதான் என் அப்பாவின் வேலை. மேல்பாதியை வெட்டித் தள்ளினால் செடி அடர்ந்து துளிர்க்கும். அவர் என் காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கவாத்து அடிச்ச மாதிரில்லா வந்திருக்கு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவருடைய முழங்காலுக்குக் கீழே, கவாத்துக் கத்தி பட்ட இடத்தில், மண்புழுபோல் ஒரு தழும்பு புடைத்து நின்றது. அதையும் இதையும் சேர்த்து நினைக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா செய்ததுதான் அதைவிடப் பெரிய கூத்து. கட்டியை மறைக்க அகலமான தோடு போட வேண்டும், தோடு மாட்ட ஓட்டை வேண்டும், பழைய ஓட்டையைக் கட்டி விழுங்கிவிட்டது. அதனால் அதற்கு மேலே இரண்டாவதாக ஓர் ஓட்டை போட ஆசாரியிடம் கூட்டிப்போனாள். மறைக்கக் குத்திய ஓட்டையிலும் கட்டி வந்தது. அந்த வேர்க்கடலை அப்படி வந்ததுதான்.

கொல்லங்கோட்டிலிருந்து பெண் பார்க்க வந்த அன்று அம்மாவுக்கு வேறு வழி இல்லை. "ஏட்டி, முடிய முன்னால இழுத்து விடு. அவுக போற வரைக்கும் தலைய ஆட்டாத" என்றாள். நானும் ஆட்டவில்லை. காபித் தட்டை நீட்டும்போதுகூடக் கழுத்தை விறைப்பாக வைத்திருந்தேன். அடக்கமான பெண் என்று முடிவு செய்துவிட்டுப் போனார்கள்.

இப்போது நான் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியை. ஒருமுறை வகுப்பில் நுழையும்போது கரும்பலகையில் என் முகம் வரைந்திருந்தது. காதில் ஒரு பலாப்பழம். வரைந்தது யார் என்று கேட்காமல் அழித்தேன். நன்றாக வரையப்பட்டிருந்தது என்பதுதான் எரிச்சல்.

சில வருடங்களுக்கு முன் அந்த இடுக்கில் சீழ் பிடித்தது. ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். ஆறேழு மாணவர்கள் சுற்றி நின்றார்கள். ஒருவன் செல்போன் விளக்கை அடித்தான், இன்னொருத்தி மூக்கைச் சுருக்கிவிட்டுப் பிறகு சுருக்காததுபோல் வைத்துக்கொண்டாள். டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர், பாதி மலையாளம் பாதித் தமிழில் பேசினார்.

"பேடிக்கண்டா சேச்சி, பயப்படாதீங்க, இது கேன்சர் இல்லை. கீலாய்டு. தழும்பு நிற்கத் தெரியாமல் வளருது."

ஏன் நிற்கத் தெரியவில்லை என்று கேட்டேன். முப்பது வருடமாக யாரிடமும் கேட்காத கேள்வி. அவர் மாணவர்களை அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். உடம்பைக் கட்டும் விவரமெல்லாம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு புத்தகமாகப் பூட்டிக் கிடக்கிறது. காயம் பட்டதும் அதிலிருந்து வேண்டிய வரிகளை மட்டும் செல் நகலெடுத்துச் சீட்டாக அனுப்புகிறது. அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. 'நார் செய், தோலை மூடு' என்று அதில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டின்மேல் சின்னச் சின்ன ரசாயனப் புள்ளிகள் வைக்கப்படுகின்றன. எழுத்து மாறாது. ஆனால் எந்தச் சீட்டை எத்தனை நேரம் வைத்திருப்பது, எதைச் சீக்கிரம் கிழித்துப் போடுவது என்பதில் அந்தப் புள்ளிகளுக்குப் பங்கு உண்டு. கீலாய்டில் அவை நல்ல தோலில் இருப்பதுபோல் இருப்பதில்லை. நார் செய்யச் சொல்லும் சீட்டு கிழிபடாமலே கிடக்கிறதோ என்று சந்தேகப்படுகிறோம், முழுக்கத் தெரியாது, இதை வைத்து மருந்து வர நாளாகும் என்றார்.

எனக்குத் தெளிவு வரவில்லை, கோபம்தான் வந்தது. என்றைக்கோ மூடிய ஓட்டையை இன்னும் மூடிக்கொண்டிருக்கிறதா இந்த உடம்பு? சீட்டு கிழிக்க ஆளில்லாமலா நான் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் கழுத்து விறைத்து நின்றேன்?

அவர் இரண்டு விஷயம் சொன்னார். வெட்டி எடுத்து, பிறகு ஊசியும் போட்டுக்கொண்டால் திரும்ப வருவதைக் குறைக்கலாம். வெட்டியதில் ஒரு துண்டையும், பக்கத்து நல்ல தோலில் துளியையும் ஆராய்ச்சிக்குத் தந்தால் இரண்டின் புள்ளிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். கண்ணாடிக் குப்பியில் அது மிதப்பதும், பத்துப் பேர் குனிந்து பார்ப்பதும் கண்ணில் வந்துபோயின.

"என் அழுகல எதுக்கு டாக்டர் பாட்டில்ல போட்டு வெக்கணும்? சீழுக்கு மட்டும் மருந்து குடுங்க" என்றேன்.

எழுதிக் கொடுத்தார். நான் எழுந்தபோது, "சேச்சிக்கு மகள் உண்டா? காது குத்த வேண்டாம். இது குடும்பத்தில் வரும்" என்றார்.

மகள் இருந்தாள். காது குத்தாமல்தான் வைத்திருந்தேன். அது ஒன்றுதான் என் வாழ்க்கையில் நான் பிடிவாதமாக நின்று காப்பாற்றிய காரியம். என் கணவரின் அக்கா அடுத்த வீட்டில் இருக்கிறார். மலையில் பழகிய வாய் என்பதால் நான் அவரை இன்னும் மதினி என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு என் மகளின் வெறும் காது கண்ணில் விழுந்த தூசி.

"ஏனம்மிணி, பொட்டப்புள்ளைய இன்னும் எத்தன நாளைக்கு மூளிக்காதோட வெச்சிருப்பே? சோத்துக்கு இல்லாத ஊடுன்னு நெனைக்கப் போறாங்க."

"என் காதப் பாத்த பொறவுமா மதினி கேக்கிய?"

"அது உன்ர ஊட்டுச் சீக்கு. எங்க வம்சத்துல அதெல்லாம் கெடையாது."

மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது, ஓண விடுமுறையில் எனக்கு மூன்று நாள் பாலக்காட்டில் பயிற்சி. திரும்பி வந்த பிறகு ஒரு வாரம் எனக்கு எதுவும் தெரியவில்லை. எட்டாவது நாள் சாப்பிட உட்கார்ந்தவள் முடியை முன்னால் இழுத்து விட்டிருந்தாள். சோற்றைப் பிசையும்போது கழுத்தை ஆட்டவே இல்லை. அந்த விறைப்பு எனக்குத் தெரியும். எழுந்து போய் முடியை விலக்கினேன். இரண்டு காதிலும் கல் வைத்த பொட்டுத் தோடு.

மதினியின் வீட்டு வாசலில் நின்று நான் கத்தியதைத் தெரு முழுக்கக் கேட்டது. அவர் அசையவில்லை. "நகக்கடைல காது குத்தற துப்பாக்கில டக்குனு அடிச்சாங்க, ஒரு சொட்டு ரத்தங்கூட வல்ல. புள்ள ஆசப்பட்டுக் கேட்டா நான் என்ன பண்டறது?" என்றார். என் கணவர் ஆனது ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். ஊரில் எல்லோருக்கும் போக ஒரு வயல் இருக்கிறது.

தோட்டைக் கழற்றி வைத்தேன். அதன்பின் தினமும் காலையில் தலை பின்னிவிடும்போது இரண்டு காதையும் அழுத்திப் பார்ப்பேன். முதல் மாதம் ஒன்றும் இல்லை. இரண்டாம் மாதமும் இல்லை. மதினி சொன்னது பலிக்கட்டும், இவர்கள் வம்சத்துத் தோலாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் ஜெயித்துச் சிரித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

மூன்றாம் மாதம் ஒரு காலை, இடது காதின் பின்பக்கம் விரலில் ஒன்று தட்டுப்பட்டது. துவரம்பருப்பு அளவு இருக்கும். கெட்டியாக, வழுவழுவென்று, லேசான சிவப்பில். என் கை தானாகப் பின்னால் வந்தது. சூடு பட்டதுபோல் விரலைச் சேலையில் துடைத்தேன்.

"சீ" என்றேன்.

எதிரே கண்ணாடி இருந்தது. அதில் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விரலைத் துடைத்ததையும் பார்த்திருப்பாள். பாதியில் நின்ற பின்னலை என் கையிலிருந்து வாங்கித் தானே பின்னிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். அவள் போன பிறகு குளியலறைக்குள் போய் வாந்தி எடுத்தேன். பேருந்தில் வந்த அந்தப் பெண்மணிகூட விரலைத் துடைக்கவில்லை.

அந்த வாரமே அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஆரம்பத்திலேயே வந்தது நல்லது என்று மகளின் காதில் ஊசி போட்டார். அவள் முனகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை என் கட்டியை வெட்டிக்கொள்ளச் சம்மதித்தேன்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோங்க டாக்டர். பாட்டில்ல போட்டு யார் வேணும்னாலும் பாக்கட்டும். சீட்ட எப்படிக் கிழிக்கிறதுன்னு இவளுக்காவது சீக்கிரம் கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டு ஆராய்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டேன். இதைக் கேட்டு மகள் என் பக்கம் திரும்புவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சுவரில் ஒட்டியிருந்த தோலின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மோளே, இத்தனை சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்தது யார்?" என்று டாக்டர் கேட்டார்.

"அம்மாதானுங்க. தொட்டுப் பாத்துட்டு சீன்னாங்க."

குற்றம் சொல்லும் குரலில்லை அது. வரிசை எண் கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்க்காமல் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு களிம்புக் குழாயை எடுத்தார். காலையும் மாலையும் பூச வேண்டும், விரலால் மெல்ல அழுத்தித் தேய்க்க வேண்டும், காதின் பின்பக்கம் என்பதால் அவள் கண்ணுக்குத் தெரியாது, அம்மா செய்துவிட வேண்டும் என்றார். நான் கையை நீட்டினேன்.

அதற்குள் மகள் குழாயை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அம்மா வேண்டாங்க. ரெண்டு கண்ணாடி வெச்சு நானே பூசிக்கறேன்" என்றாள். பிறகு முடியை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டாள்.